சும்மா நிற்பதற்கு ஓர் உடுப்பு

புறாத்தீவுக்கு முதல் தடவை போன அன்று கடலுக்கடியில் நான் பார்த்தது என்னுடைய சட்டையை மட்டுந்தான். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் தீவு அது. மாடப்புறாக்கள் பாறையிடுக்குகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. திருகோணமலையில் பிறந்து நாற்பது வயதைத் தொட்ட பிறகுதான் நான் அங்கே போனேன் என்று சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பருத்தியில் தைத்த ஒரு பஞ்சாபி, அதன் மேல் இடுப்போடு இறுக்கிக் கட்டிய சால்வை, அதற்கும் மேல் படகுக்காரர் தந்த மிதவை அங்கி என்று, பார்க்கிறவர் ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி உடுத்திக்கொண்டு இறங்கினேன். இறங்கிய மறுகணமே சட்டைக்குள் தண்ணீர் புகுந்து, அது பலூன் போல ஊதிக் கக்கம் வரை ஏறியது. இரண்டு கைகளாலும் அதைக் கீழே இழுத்துப் பிடித்தேன். சால்வையின் நுனி செத்துப்போன முருகைக்கல் ஒன்றில் மாட்டிக்கொண்டது. படகிலிருந்த பையன் மேலிருந்து சத்தமிட்டான்: "கையை விடுங்க அன்ரி! கையை விட்டாத்தான் மிதப்பீங்க."

கையை விட்டிருந்தால் சட்டை தலைக்கு மேலே போயிருக்கும். மூச்சுக்குழாயைக் கடித்தபடி ஒரு பத்து நிமிடம் என் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் மிதந்த ஊதாத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீன்களைப் பார்த்தவர்களோடு சேர்ந்து கரைக்குத் திரும்பினேன்.

அன்றிரவு அந்தப் பஞ்சாபியை அலசிக் காயப்போடும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் அலுமாரியில் பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் சேலைகள் இருந்தன. கோயிலுக்குரியவை, கல்யாணவீட்டுக்குரியவை, செத்தவீட்டுக்குரியவை இருந்தன. வீட்டில் போடும் சோட்டிகள் இருந்தன. வெளியே, அதாவது வெயிலிலும் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும், ஓர் அலுவலும் இல்லாமல் நிற்பதற்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியானால் எங்களுடைய பெண்கள் வெளியிலேயே நிற்கவில்லையா என்று கேட்டால், அவர்களைப் போல வெளியில் நின்றவர்கள் வேறு யாரும் இல்லை. என் அம்மா கல்யாணத்துக்கு முன்பு தம்பலகாமத்து வயல்களில் களை பிடுங்கியவர். வயலில் இறங்கும் பெண் எப்படி உடுத்துகிறாள் என்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: சேலையையோ பாவாடையையோ முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகியிருப்பாள், அதற்கு மேல் தகப்பனுடையதோ புருஷனுடையதோ பழைய முழுக்கைச் சேர்ட் ஒன்றைப் போட்டிருப்பாள், தலையில் துவாயைச் சும்மாடு மாதிரிச் சுற்றி, அதன் ஒரு நுனி பிடரியை மூடும்படி விட்டிருப்பாள். வெயில் சுடாத கழுத்து, நெற்தாளின் ஓரம் கிழிக்காத கை, சேறு இழுக்காத கால், மார்போரம் ஒரு பை. வெளிநாட்டுக் கடைகளில் பெரிய விலைக்கு விற்கும் வெளிப்புற உடுப்புகளில் என்னென்ன குணங்கள் வேண்டுமென்று எழுதி வைத்திருக்கிறார்களோ, அவற்றில் முக்கால்வாசி அந்தப் பழைய சேர்ட்டில் இருந்தது. குளிப்பதற்குக் குறுக்குக்கட்டு இருந்தது. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய் வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளும் பெண்களை நான் சின்ன வயதில் பார்த்ததெல்லாம் அந்தக் கோலத்தில்தான்.

ஆனால் அந்தச் சேர்ட் வரம்பேறியதும் கழற்றப்பட்டுவிடும். அது வேலைக்கான அனுமதிச்சீட்டு. களை பிடுங்குகிறவள், விறகுக்குப் போகிறவள், மட்டி பொறுக்குகிறவள் ஆகியோருக்கு அது பொருந்தும். கையில் ஒன்றுமில்லாமல் குளக்கட்டில் நின்று கொக்கைப் பார்க்கிறவளுக்குப் பொருந்தாது. உண்மையில் அப்படி நிற்கிறவள் என்று ஒருத்தியை எங்களுடைய ஊர் கற்பனை செய்யவே இல்லை. அதனால்தான் அவளுக்கு உடுப்பும் இல்லை.

திருகோணமலைப் பெண் இயற்கையைப் பார்க்க ஆசைப்பட்டால் அவளுக்கு எப்போதும் திறந்திருந்த ஒரே வழி கோயில். பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மரநிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்களைத் தாண்டி, சுவாமி மலை ஏறிக் கோணேசரிடம் போகிற வழியில், இந்தத் தீவிலேயே மிக அழகான கடல்களில் ஒன்று இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கிறது. அர்ச்சனைத் தட்டோடு போகிற பெண்ணை "எங்க போறீங்க?" என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் மலையைப் பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டின் ஓரத்தில் நிற்கும்போது கீழேயிருந்து எழும்பி வரும் காற்று எப்படிப்பட்டது என்று சேலை உடுத்து நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு கை தட்டைப் பிடிக்கும், மறு கை கொய்யகத்தைப் பிடிக்கும், கண் யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கும். கடலைப் பார்க்க மிச்சம் ஒன்றும் இராது. இதைச் சேலையின் மேலுள்ள வெறுப்பில் எழுதவில்லை. இன்றைக்கும் வகுப்புக்குச் சேலைதான் உடுத்துகிறேன். எந்த இடத்தில் அது என் கைகளைப் பறித்துக்கொள்கிறது என்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

புறாத்தீவுக்குப் போய் வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வீட்டோடு தையல் வைத்திருக்கும் அக்காவிடம் போனேன். மேற்சட்டை முழங்கால் வரை வேண்டும், இரண்டு பக்கமும் இடுப்பு வரை வெட்டு வேண்டும், கொலர் பிடரியை மூட வேண்டும், கையை மடித்தால் விழாமல் மாட்டிவைக்க ஒரு பட்டியும் பொத்தானும் வேண்டும், கீழே தொளதொளவென்ற களிசான், அதன் கணுக்காலில் பொத்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். பற்றைக்குள் நடந்தால் உண்ணி ஏறும் என்பதற்காகத்தான் கணுக்காலில் பொத்தான். அவர் கொப்பியில் ஒன்றும் எழுதாமல் என்னைப் பார்த்தார். "டீச்சர், காட்டிலாகாவில வேலை எடுத்திட்டீங்களா?" என்றார். பிறகு இரண்டு பைகள் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் உள்ளங்கை முழுதும் மணிக்கட்டு வரை உள்ளே போக வேண்டும், மேலே மூடி வேண்டும், பொத்தான் வேண்டும் என்றேன். பெண் பிள்ளைகளின் சட்டைக்கு அந்த ஆழத்தில் பை வெட்டிப் பழக்கமில்லை என்றும், இடுப்பில் பொம்மித் தெரியும் என்றும், கைப்பை இருக்கத்தக்கதாக இது எதற்கு என்றும் அவர் கேட்டார். அது நியாயமான கேள்விதான். கைப்பை ஒரு தோளைப் பிடிக்கும். குனிந்தால் முன்னால் வந்து விழும். வைத்துவிட்டு நடந்தால் குரங்கு எடுத்துக்கொண்டு போகும். இந்தப் பை விடயம் எங்களுடைய ஊரோடு முடிவதுமல்ல. 2018இல் ஓர் இணைய இதழ், அமெரிக்காவில் பெயர்பெற்ற கம்பனிகளின் டெனிம் களிசான்கள் எண்பதை அளந்து பார்த்தபோது, பெண்களுடைய முன் பைகள் ஆண்களுடையவற்றைவிடச் சராசரியாக 48 விழுக்காடு நீளம் குறைந்திருந்தன. பெரும்பாலானவற்றில் கைத்தொலைபேசியும் முழுதாகப் போகாது, கையும் போகாது.

துணியைத் தெரிவதில்தான் எனக்கு நிறையப் பிழை நேர்ந்தது. பருத்தி நல்லது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கச்சான் வீசும் மாதங்களில் அது முழு உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை அந்தக் காற்றில் கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் மொறமொறவென்று ஆகிவிடும். அப்போது தொளதொளத்த பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சி, அதைக் காற்றுக்குக் கொடுத்து, உடம்பைக் குளிர வைக்கும். அதே சட்டையோடு மார்கழியில், வாடை அடிக்கும் நாளில், ஒரு மழைக்கு நனைந்து பாருங்கள். பருத்தி நார் தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்கிறது. பொலியெஸ்டர் நார் கிட்டத்தட்ட ஒன்றையும் இழுப்பதில்லை. ஈரப் பருத்தி உடம்போடு ஒட்டி, சூட்டை உறிஞ்சி, மாலை வரை காயாது. தொடையிடுக்கில் தேய்த்துத் தோலையும் உரித்துவிடும். பருத்தி டெனிமோடு குச்சவெளிப் பக்கம் மழையில் மூன்று மணித்தியாலம் நடந்த ஒரு நாளின் எரிச்சல் எனக்கு ஒரு கிழமை இருந்தது. பிறகுதான் கலப்புத் துணிக்கு மாறினேன். வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று என்று இப்போது இரண்டு தொகுதி இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான எதிரி ஒட்டுப்புல். அது எந்தத் துணியையும் விடாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் வழி.

உடுப்பு மாற மறுத்தால் உலகம் எவ்வளவு வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்குச் சைக்கிளைவிட நல்ல உதாரணம் இல்லை. எங்களுடைய இளமையில் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் பெண்கள் எல்லோரும் சைக்கிளில்தான் போனோம். லேடீஸ் சைக்கிளுக்கு நடுவிலே பார் இல்லை, பின் சில்லில் துணி சிக்காமல் இருக்க வலை போட்டிருக்கும். அதாவது பாவாடைக்காக இரும்பை வளைத்திருக்கிறார்கள். வேறு சில இடங்களில் பெண்கள் இரும்பை விட்டுவிட்டுத் துணியை மாற்ற முயன்றபோது வேறு சிக்கல் வந்தது. 1898இல் இங்கிலாந்தில் ஹாபர்ட்டன் சீமாட்டி, சைக்கிள் ஓட்டத்துக்கு ஏற்ற தொளதொளத்த களிசானோடு ஒரு விடுதிக்குள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது, அந்த உடுப்போடு கோப்பி அறை எனப்பட்ட சாப்பாட்டறைக்குள் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் சார்பில் வழக்கே போட்டார்கள், அது தோற்றும் போனது.

மலையேறும் பெண்களுக்கு விடுதிக்காரரோடு மாத்திரம் சண்டை இல்லை, கடைக்காரரோடும் இருந்தது. 1975 மே 16ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பெண்ணான ஜப்பானைச் சேர்ந்த ஜுங்கோ தபெய், பணமும் பொருளும் போதாமல், காரின் இருக்கை உறைகளை வெட்டி மேல் கையுறை தைத்துக்கொண்டு போனவர். இந்த விவரத்தைத் தையல் அக்காவிடம் சொன்னபோது, எவரெஸ்ட் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கார் உறையில் ஊசி எப்படி இறங்கியது என்றுதான் கேட்டார். எங்களுடைய நாட்டிலிருந்து முதன்முதலாக அந்த உச்சியில் நின்றவரும் ஒரு பெண்தான்: ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21. ஆண்களில் எவரும் அதற்கு முன்பு போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

இவ்வளவு தூரம் பைகளையும் பொத்தான்களையும் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் விடக்கூடாது. 2004 மார்கழி 26ஆம் திகதி காலை கடல் ஏறி வந்தபோது, இந்தக் கிழக்குக் கரையில் செத்தவர்களில் பெண்களே கூடுதலாக இருந்தார்கள். பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள் என்பது ஒரு காரணம். பையன்கள் விளையாட்டாகவே நீந்தவும் மரமேறவும் பழகியிருக்க, பெண் பிள்ளைகளுக்கு இரண்டையும் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது இன்னொன்று. சேலை காலைச் சுற்றியதும் நீண்ட கூந்தல் சிக்கியதும் தப்பியவர்கள் வாயால் நாங்கள் எல்லோரும் கேட்டவைதான். நான் அந்தக் காலையில் ஊரின் உயரமான பக்கத்தில் இருந்தேன். என்னோடு படித்த ஒருத்தி இருக்கவில்லை. நீந்தப் பழக வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்; பழகுவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. எதை உடுத்திக்கொண்டு பழகுவது என்ற கேள்விக்கு விடை தெரியாததே அதற்கு முக்கிய காரணம் என்று சொன்னால் இளம் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

விடை தந்தவர் கிண்ணியாவிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் ஆசிரியை. அவரிடம் நீச்சலுக்கென்றே தைத்த முழு உடுப்பு இருந்தது: கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை, தலையையும் மூடுவது. 2004ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவில் அஹேதா சனெற்றி என்ற முஸ்லிம் பெண் வடிவமைத்த புர்கினியின் வழிவந்த வகை அது. இதைப் பற்றி உலகம் முழுதும் எவ்வளவோ சண்டை நடந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அதன் இயந்திர நுட்பந்தான்: மேற்சட்டையின் உள்பக்கத்தில் ஒரு நாடா, களிசானின் இடுப்பில் ஒரு நாடா, இரண்டையும் முடிந்துவிட்டால் எந்த அலையும் சட்டையை மேலே தூக்காது. அந்த ஒரு முடிச்சை நினைத்துப் பார்க்க ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள்.

அதே வகையில் தலைமூடி இல்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டாம் தடவை புறாத்தீவுக்குப் போனேன். கையை விட்டேன். முதலில் கேட்டது சத்தம். எண்ணெயில் வெங்காயம் பொரிவது போல ஓயாத ஒரு படபடப்பு, அதற்கிடையில் யாரோ கற்கண்டைக் கடிப்பது போல ஒரு நறநறப்பு. கற்கண்டுக்காரர் கிளிமீன். பச்சையும் நீலமுமாக என் முழங்கையளவு இருந்த அது, முருகைக்கல்லைச் சொண்டால் சுரண்டி, கொஞ்ச நேரம் கழித்து வாலுக்கடியால் வெள்ளை மணலை ஒரு புகை போல விட்டது. நாங்கள் கால் நீட்டி உட்காரும் வெண்மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான் என்று படித்திருக்கிறேன். ஆனால் அது விழுந்து அடங்கும் வரை பார்த்துக்கொண்டே மிதப்பதற்கு இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டியிருந்தது. செட்டையின் நுனியில் மை தொட்ட மாதிரிக் கறுப்புள்ள சுறாக் குட்டிகள் இரண்டு ஆழமில்லாத பக்கத்தால் போயின. அவற்றுக்கு எங்களில் அக்கறை இல்லை.

முழுக்கை உடுப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டையின் வெயில் தடுப்பு எண் 5 முதல் 7 வரைதான், நனைந்தால் இன்னும் குறையும். 50 என்று போட்டிருக்கும் நீச்சல் துணி புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடாது. அதனால் பூச வேண்டிய வெயில்பசை முகத்துக்கும் கைக்கும் மட்டுந்தான். சில பசைகளில் உள்ள ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேற் என்ற இரண்டும் முருகைக்கற்களுக்குக் கேடு என்று ஹவாய் 2018இல் சட்டமியற்றி, 2021 தொடக்கம் அவற்றின் விற்பனையைத் தடுத்திருக்கிறது. என் சித்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கறுக்காமல் இருந்தாச் சரி" என்றார். பெண் பிள்ளைகளை வெயிலுக்கு விடாமல் வைத்திருந்த அதே பயம் ஒரு முழுக்கைச் சட்டையை வாங்க வைக்குமானால், அந்தப் பயத்தோடு நான் தற்காலிகமாகச் சமாதானமாகப் போகத் தயார்.

எந்தக் கடையும் விற்காத ஒன்று இருக்கிறது: தண்ணீர் குடிக்கும் துணிச்சல். வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் எங்களில் எத்தனை பேருக்கு உண்டு என்று பெண்களுக்குத் தெரியும். வெளியில் கழிப்பறை இராது. இருந்தாலும் போக முடியாது. முப்பத்துநான்கு பாகை வெயிலில் வாய் உலர்ந்து, தலையிடித்து, நண்பகலுக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். பிறகு, பெண்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்கிறார்கள். இந்த ஒரு காரியத்தில் பழைய பாவாடைக்கு நிகர் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பற்றையோரம் குந்தினால் அதுவே சுவர், அதுவே கதவு. களிசான் அந்த மறைவைத் தராது. ஆகவே அக்காவிடம் மூன்றாவதாகத் தைப்பித்தது, உள்ளே அரைக்களிசானும் வெளியே அகலப் பாவாடையும் கொண்ட ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு போகும் நாட்களில் ஒரு போத்தல் தண்ணீரை முழுதாகக் குடிக்கிறேன்.

அந்தப் பாவாடையோடுதான் பெரியகரைச்சி உப்பளப் பக்கம் ஐப்பசிக்குப் பிறகு விடியற்காலைகளில் போகிறேன். வடக்கேயிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் அங்கே சேற்றைக் கிண்டும். நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் குச்சிக் காலில் எட்டெடுத்து நடக்கும். நின்றபடி பார்த்தால் அவை பறந்துவிடும். குந்தியிருந்து, அசையாமல், கால் மணித்தியாலம் பொறுத்தால் பத்தடிக்குள் வரும். கால் மணித்தியாலம் குந்தியிருக்க முடியுமா என்பது பொறுமையைப் பொறுத்தது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். முழங்காலில் துணி எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

ஒரு நாள் திரும்பி வரும்போது, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்துக்காகச் சந்தியில் நின்ற என் பழைய மாணவி என் பையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். குளிர்நாடுகளுக்குப் போகும் மேலங்கிகளுக்குப் பை வைப்பதுதான் அவளுடைய மேசையின் வேலை. "மூலையில இரட்டைத் தையல் போடேல்ல டீச்சர், பிஞ்சிடும்," என்றாள். பிஞ்சுதான் போனது, ஒரு மாதத்தில்.

போன மாதம் அம்மாவையும் உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்திரண்டு வயது. எனக்குத் தைத்ததைப் போல ஒன்று தைத்துத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றவர், அலுமாரியின் அடியிலிருந்து அப்பாவின் முழுக்கைச் சேர்ட் ஒன்றை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். ஒழுங்கை முகப்பில் ஒரு மாமி கேட்டார், "எங்க, தோட்டத்துக்கா?" அம்மா கொஞ்சம் யோசித்தார். "இல்ல, சும்மா," என்றார்.

முழங்கால் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் நின்றார். திரும்பி வரும்போது ஒரு குறை மட்டும் சொன்னார்: ஆண்களின் சேர்ட்டில் பை இடப்பக்கம் இருக்கிறதாம், இடக்கைக்காரியான தனக்கு அதில் வெற்றிலையை எடுக்க வளமில்லையாம். அடுத்த கிழமை அக்காவிடம் கொண்டுபோய்ப் பிரித்து வலப்பக்கம் வைக்கக் கொடுத்தோம். மூலையில் இரட்டைத் தையல் போடச் சொல்லியிருக்கிறேன்.